காராக் சாலை ஏறும் மலையில் ரயில் ஏன் ஏறுவதில்லை?

கேள்வி இதுதான்: "கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் கார் மலையேறிப் பெந்தோங் போகிறது. பினாங்குக் கொடிமலையில் ரயிலே நெட்டுக்குத்தாக ஏறுகிறது. அப்படியிருக்க, கிழக்குக் கரை ரயில் திட்டத்துக்கு மட்டும் கோம்பாக் பக்கம் 16 கிலோமீட்டருக்கு மேல் மலையைக் குடைவானேன்? மலையோரமாக வளைத்து வளைத்துப் பாதை போட்டால் செலவு குறையாதா?"

ரயிலின் எடை ஒரு காரணம். நம்மூர் மலையின் மண் இன்னொரு காரணம். முதலாவதைப் பலரும் சொல்வார்கள். இரண்டாவதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. போட்ட பாதை நிலைக்குமா என்பதை முடிவு செய்வது அந்த இரண்டாவதுதான், அதனால் அதற்கே இங்கே அதிக இடம் தருகிறேன்.

எடைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். எஃகுச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடம் நம் ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறியது. உராய்வு குறைவு என்பதால்தான் ரயில் இவ்வளவு சிக்கனமாக ஓடுகிறது. சமதளத்தில் 1,000 டன் எடையுள்ள சரக்கு ரயிலை நகர்த்திக்கொண்டே இருக்க இரண்டு மூன்று டன் இழுவை போதும். அதே ரயில் நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறினால் கூடுதலாக 10 டன் இழுவை வேண்டும். நாற்பதுக்கு ஒன்று ஏறினால் 25 டன். 100 டன் எடையுள்ள இன்ஜின் காய்ந்த தண்டவாளத்தில் 25 முதல் 30 டன் வரை இழுக்கும். மழையில் நனைந்து, இலையும் ஒட்டிக்கிடந்தால் அது 15க்குக் கீழே இறங்கிவிடும், சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ஆகவே நாற்பதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், நம் மழைக்காட்டுக்குள், அந்த ரயிலை ஒற்றை இன்ஜினை நம்பி அனுப்ப முடியாது. ஏறுவதாவது பரவாயில்லை, நின்றுபோனால் இன்னொரு இன்ஜினைக் கொண்டுவந்து தள்ளலாம். இறங்கும்போது அதே எடை பின்னாலிருந்து தள்ளும், பிரேக் கட்டைகள் சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். சரக்குப் பாதைகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டப் பொறியாளர்கள் தயங்குவது இதனால்தான்.

வளைவும் இழுவையைத் தின்னும். இந்திய ரயில்வேயின் கணக்குப்படி வளைவின் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.04 விழுக்காடு ஏற்றத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 400 மீட்டர் ஆரமுள்ள வளைவு ஏறத்தாழ 4.4 டிகிரி. அங்கே 1 விழுக்காடு ஏற்றம் அனுமதி என்றால் உண்மையில் 0.82 மட்டுமே ஏறலாம். இப்போது காராக் சாலைக்கு வாருங்கள். கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பா முகடு வரை ஏறக்குறைய 500 மீட்டர் ஏற வேண்டும். சாலைக்கு நூற்றுக்கு ஐந்து, ஆறு என்ற ஏற்றம் சகஜம். அந்தச் சாலைகூட உச்சியில் 900 மீட்டர் சுரங்கத்துக்குள் புகுந்துதான் அந்தப் பக்கம் போகிறது. ரயிலுக்கு நூற்றுக்கு ஒன்று என்றால் 500 மீட்டர் ஏற 50 கிலோமீட்டர் பாதை வேண்டும். வளைவுக்காகக் கழிக்கும் கணக்கையும் சேர்த்தால் இன்னும் நீளும். அவ்வளவு நீளத்தையும் மலை இடுக்குகளில் சுருட்டி வைக்க வேண்டும்: ஒவ்வொரு ஓடைக்கும் ஒரு பாலம், ஒவ்வொரு மலை மூக்குக்கும் ஒரு வெட்டு. மறுபக்கம் இறங்குவதற்கும் இதே கதை.

அப்படியானால் கொடிமலை? அது பெயரளவில்தான் இதே இனம். அங்கே பெட்டியில் இன்ஜின் கிடையாது. இரண்டு பெட்டிகளும் ஒரே கம்பிவடத்தின் இரு முனைகளில் தொங்குகின்றன. ஒன்று இறங்கும் எடையே மற்றொன்றை ஏற்றிவிடும், மேலே இருக்கும் மோட்டார் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் உராய்வையும் மட்டும் சமாளிக்கிறது. சக்கரத்தின் பிடிமானத்தை நம்ப வேண்டியதில்லை என்பதால் மிகச் செங்குத்தான இடத்தில் இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவுக்கு ஏற முடிகிறது. அந்தப் பாதைக்கும் எளிதில் விடிந்துவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய முதல் முயற்சி தோற்றது. மலாய் மாநில ரயில்வேயின் பொறியாளர் ஏ. ஆர். ஜான்சன் வடிவமைத்த இரண்டாவது பாதைதான் 1923இல் ஓடத் தொடங்கியது. அதில் வழியில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. 2010இல் நிறுத்திப் புதுப்பித்து, 2011இல் ஒரே ஓட்டமாக மேலே போகும்படி மாற்றினார்கள். 79 மீட்டர் நீளமுள்ள அதன் சுரங்கமும் சரிவாகவே குடையப்பட்டது. ஆனால் மொத்தப் பாதையே ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான், ஒரு பெட்டியில் சுமார் 100 பேர்தான். கொள்கலன்களை ஏற்றிய சரக்கு ரயிலை வடத்தில் கட்டித் தூக்க முடியாது.

நீலகிரி மலை ரயில் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் ஓடுகின்றன, இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு 12.5க்கு ஒன்று என்ற ஏற்றத்தில் ஏறும். அழகான பாதை, நூறாண்டைக் கடந்தும் ஓடுகிறது. ஆனால் சைக்கிள் வேகம். கிழக்குக் கரைப் பாதையைப் பயணிகள் ரயிலுக்கு மணிக்கு 160 கிலோமீட்டர், சரக்கு ரயிலுக்கு 80 என்று திட்டமிட்டிருக்கிறார்கள். பற்சக்கரத்துக்கு அங்கே இடமில்லை.

மீதி இருப்பது இரண்டே வழிகள்: மலையைச் சுற்றுவது, அல்லது அடியில் புகுவது. இந்தத் திட்டம் இரண்டையும் யோசித்துப் பார்த்த திட்டம். 2016இல் போட்ட முதல் வரைவில் கோம்பாக் - பெந்தோங் இடையே சுமார் 18 கிலோமீட்டர் சுரங்கம் இருந்தது. 2019இல் அதைத் தவிர்க்க நெகிரி செம்பிலான் வழியாகத் தெற்கே சுற்றிப்போக முடிவாயிற்று: 640 கிலோமீட்டர், 4,400 கோடி வெள்ளி. 2021இல் மறுபடியும் வடக்கு வழிக்கே திரும்பினார்கள்: 665 கிலோமீட்டர், சுமார் 5,000 கோடி வெள்ளி, 16.39 கிலோமீட்டர் கெந்திங் சுரங்கம். அரசியலைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் இது எங்கும் எழும் கேள்விதான். சுற்றினால் சுரங்கச் செலவு மிச்சம், ஆனால் பாதை இருக்கும் காலமெல்லாம் ஒவ்வொரு ரயிலும் கூடுதல் தூரம் ஓட வேண்டும்.

இனி மண். தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். படித்தது சரி, ஆனால் அந்தக் கருங்கல் மேலே தெரிவதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகள் வெயிலும் மழையும் பட்டு அழுகி, மேலே 10, 20, சில இடங்களில் 30 மீட்டர் ஆழம் வரை செம்மண்ணாக மாறிக் கிடக்கிறது. அழுகாத உருண்டைப் பாறைகள், காரளவிலிருந்து வீட்டளவு வரை, அந்த மண்ணுக்குள் பணியாரம்போலப் பதிந்திருக்கும். இதுதான் ஆய்வுத் துளை போடுபவர்களை ஏமாற்றும் இடம்.

துளை போடும் முறையைக் கொஞ்சம் கிட்டப் பார்ப்போம். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி பிடிக்கிறது என்று எண்ணுவார்கள். 5 அடி என்றால் தளர்ந்த மண். 50 அடித்தும் இறங்கவில்லை என்றால் பாறை என்று வைத்து, வைர முனை போட்டுக் கல்லை உருளையாக அறுத்தெடுப்பார்கள். அந்த உருளைகளை மரப்பெட்டியில் வரிசையாக அடுக்கி அளப்பார்கள். 1.5 மீட்டர் அறுத்ததில் 10 சென்டிமீட்டருக்குக் குறையாத துண்டுகளை மட்டும் கூட்டினால் 1.05 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பாறையின் தரம் 70 விழுக்காடு. நல்ல பாறைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சிக்கல் எங்கே என்றால், அது அடிப்பாறையா, வெறும் உருண்டையா என்று அந்த 1.5 மீட்டர் சொல்லாது. உருண்டையே 3 மீட்டர் தடிமன் இருக்கும், அதற்குக் கீழே மறுபடியும் களிமண். "பாறை கிடைத்துவிட்டது" என்று துளையை நிறுத்திவிட்டால், பிறகு பாலத் தூணின் அடித்தளம் அந்த உருண்டைமேல் உட்கார்ந்திருக்கும். குறைந்தது 5 மீட்டர் தொடர்ந்து அறுத்துப் பார்க்காமல் நிறுத்தக் கூடாது. துளைகளுக்கு இடையே உள்ள இடைவெளியை, மண்ணில் மின்சாரம் பாய்ச்சி அடியில் இருப்பதைக் கணிக்கும் மின்தடை அளவீட்டால் நிரப்ப வேண்டும். ஆய்வில் மிச்சம் பிடித்த காசு கட்டுமானத்தில் பல மடங்காக வெளியே போகும். குத்தகையாளரின் கூடுதல் பணக் கோரிக்கைகள் பல இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன.

அந்தச் செம்மண் காய்ந்திருக்கும்போது நம்ப முடியாத அளவுக்குச் செங்குத்தாக நிற்கும். மண் துகள்களுக்கு இடையே இருக்கும் சிறு ஈரம் அவற்றை இழுத்துப் பிடித்திருப்பதுதான் காரணம். கடற்கரையில் ஈர மணலில் கட்டிய வீடு நிற்கிறதே, அதே சங்கதி. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மழை பெய்து துகள்களின் இடைவெளி முழுக்கத் தண்ணீர் நிறைந்ததும் அந்தப் பிடி விட்டுப்போகிறது. மேலே மண்ணாகிவிட்டாலும் பழைய பாறையின் விரிசல்கள் உள்ளே களிமண் பூச்சோடு அப்படியே இருக்கின்றன, சரிவு வழுக்கிக்கொண்டு வருவது அந்தப் பூச்சின் மேல்தான். 1995 ஜூன் 30ஆம் தேதி கெந்திங் மலைக்குப் போகும் இணைப்புச் சாலையில் ஓடை வழியே மண்ணும் மரமும் கல்லும் சேர்ந்து பாய்ந்து 20 பேரைப் பலி கொண்டது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் கொட்டிய மழையில் கொடிமலையிலும் பல இடங்களில் சரிவு. இவற்றை விபத்து என்று ஒதுக்காமல், ஒவ்வொரு வெட்டையும் வடிவமைக்கும்போது கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும்.

மலையை வெட்டிப் பாதை போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் நாட்டு வழக்கப்படி மண் வெட்டு ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் சாய்வு, 6 மீட்டருக்கு ஒரு படி, படி 2 மீட்டர் அகலம். 30 மீட்டர் ஆழ வெட்டுக்கு ஐந்து அடுக்கு, நான்கு படி. ஒரு பக்கத்துக்கு 45 மீட்டர் சாய்வும் 8 மீட்டர் படியுமாக 53 மீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 106. அடியில் இரட்டைத் தடத்துக்கும் வடிகாலுக்கும் 14. மொத்தம் மேல் அகலம் 120 மீட்டர்! பாதையின் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 2,000 கன மீட்டர் மண்ணை எடுக்க வேண்டும். வெட்டிய மண் பொங்கும், 2,600 ஆகிவிடும். 10 கன மீட்டர் லோரியில் 260 நடை, ஒரே ஒரு மீட்டர் பாதைக்கு. அதே இடத்தில் ஒவ்வொன்றும் 60 சதுர மீட்டர் குறுக்களவுள்ள இரட்டைச் சுரங்கம் குடைந்தால் மீட்டருக்கு 120 கன மீட்டர், பொங்கிய பிறகும் இருபது நடைக்குள் முடிந்துவிடும். காடும் தப்பும், ஓடையும் தப்பும். வெட்டின் ஆழம் 30 மீட்டரைத் தாண்டும் இடங்களில் நான் தயங்காமல் சுரங்கத்தின் பக்கம் நிற்பேன்.

வெட்டியே ஆக வேண்டிய இடங்களில் மண்ணைவிடத் தண்ணீருக்குத்தான் அதிகம் உழைக்க வேண்டும். வெட்டின் தலைக்கு மேலே ஒரு வடிகால், மலையிலிருந்து வரும் நீரை வெட்டுக்குள் விடாமல் திருப்ப. ஒவ்வொரு படியிலும் ஒரு வடிகால். அவை எல்லாம் வந்து விழும் படிக்கட்டு வடிகால். உள்ளே ஊறிய நீரை வெளியே எடுக்க, துளையிட்ட 50 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயை வடிகட்டித் துணி சுற்றி, வெளிமுனை தாழ்ந்திருக்கும்படி 5 டிகிரி சாய்வில் மலைக்குள் செருகுவது. அதற்கும் மேலே தேவைப்பட்டால் மண்ணாணி: 100 முதல் 125 மில்லிமீட்டர் துளை, 12 மீட்டர் நீளக் கம்பி, சுற்றிலும் சிமெண்டுக் கூழ். சிலவற்றை இழுத்துச் சோதிக்காமல் அடுத்த அடுக்கை வெட்டக் கூடாது. கெட்டுப்போவது எப்போதும் சின்ன இடத்தில்தான். படி வடிகாலில் ஒரு கோடு விரிசல் விழும். நீரை வெளியேற்றக் கட்டிய வடிகால் அன்றிலிருந்து நீரை உள்ளே ஊட்டும் வடிகாலாகிவிடும். இலை அடைத்த ஒரு தொட்டி போதும், மழை படியைத் தாண்டி வழிந்து சரிவை அரித்துவிடும்.

சுரங்கமே வேண்டாம் என்று மலையோரமாகப் பாதை போட்ட கொடூரமான எடுத்துக்காட்டு நம் முன்னோர்களின் ரத்தத்தில் எழுதப்பட்டது. ஜப்பானியர் 1942, 43இல் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் - பர்மா பாதை ஆற்றங்கரையைப் பிடித்துக்கொண்டு போனது. சுரங்கம் குடைய நேரமில்லை என்பதால் பாறையைக் கையால், சம்மட்டியும் உளியும் கொண்டு வெட்டினார்கள். செங்குத்துப் பாறையோரத்தில் மரச்சட்டங்களை அடுக்கிப் பாலம் கட்டினார்கள். 1943 மழைக்காலத்தில் கரைகள் கரைந்தன, முகாம்களில் காலரா பரவியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாக அங்கே மாண்டார்கள். மலையில் பாதை போடும் வேலையை அவசரப்படுத்துவது பற்றி யார் பேசினாலும் முதலில் நினைவுக்கு வர வேண்டிய பாதை அது.

சுரங்கத்துக்குள் போவோம். கல்லில் வெடிவைத்துக் குடைவது ஒரு சக்கரம்போலச் சுழலும் வேலை. முகத்தில், அதாவது குடைய வேண்டிய பாறைச் சுவரில், அளந்து புள்ளி வைப்பது, துளையிடுவது, வெடிமருந்து திணிப்பது, வெடிப்பது, புகையை வெளியேற்றுவது, தொங்கும் கல்லைத் தட்டி விழவைப்பது, கல்லை அள்ளுவது, சிமெண்டுக் கலவையைப் பீய்ச்சிப் பூசுவது, போல்ட் அடிப்பது. பிறகு மறுபடியும் அளப்பது. 60 சதுர மீட்டர் முகத்துக்கு 45 மில்லிமீட்டர் அளவில் சுமார் 100 துளைகள், 3.3 மீட்டர் ஆழம். நடுவில் மருந்து வைக்காத சில பெரிய துளைகள் இருக்கும். முதலில் வெடிக்கும் கல் சிதறி விலக இடம் வேண்டுமல்லவா, அதற்கு. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, நொடியின் சிறு பின்னங்கள் இடைவெளி விட்டு வெடிக்கும். ஓரத் துளைகளை நெருக்கமாகப் போட்டு மருந்தைக் குறைக்க வேண்டும். இங்கே துளை சற்று வெளியே சாய்ந்தால் கூடுதலாகக் கல் பெயரும். சுற்றிலும் 20 சென்டிமீட்டர் பெயர்ந்துவிட்டால் மீட்டருக்கு 4 கன மீட்டர் கலவை வீணாக ஊற்ற வேண்டியிருக்கும். துளையிடுபவரின் கை நிதானம் நேரே பணமாகும் இடம் இது.

நல்ல கல்லில் ஒரு சுற்றுக்கு 3 மீட்டர், நாளுக்கு இரண்டு சுற்று. இரண்டு முனைகளிலும் குடைந்தால் நாளுக்கு 12 மீட்டர். 16.39 கிலோமீட்டரை வகுத்தால் 1,366 நாள், ஒரு நாள்கூட நிற்காமல். அதனால்தான் நீண்ட சுரங்கத்துக்குப் பக்கவாட்டில் நுழைவுகள் குடைந்து முகங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள், அல்லது டிபிஎம் எனப்படும், வட்ட முகப்புள்ள சுரங்கம் குடையும் எந்திரத்தை இறக்குவார்கள். எந்திரம் சீரான பாறையில் வேகமாகப் போகும். பாதி முகம் பாறை, பாதி முகம் மண் என்று வந்தால் அதற்குத் திண்டாட்டம்: பாறைப் பக்கம் வெட்டுச் சக்கரங்கள் தேயும், மண் பக்கம் சரிந்து உள்ளே வரும்.

இந்த மலைக்குள் என்ன காத்திருக்கிறது என்பதற்கு நல்ல முன்னோட்டம் பகாங் - சிலாங்கூர் தண்ணீர்ச் சுரங்கம். 44.6 கிலோமீட்டர், இதே தித்திவங்சாவின் அடியில், தலைக்கு மேலே 1,200 மீட்டருக்கும் அதிகமான மலை. உள்ளே பாறையின் வெப்பம் 50 டிகிரியைத் தாண்டியது. பெந்தோங் பக்கம் வெந்நீர் ஊற்றுகளில் குளித்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் குளிர்ந்த காற்றை நிறுத்தாமல் உள்ளே செலுத்தாவிட்டால் ஆட்களால் வேலை செய்ய முடியாது. வெப்பத்தைவிடப் பயப்பட வேண்டியது பிளவுகளில் அடைபட்டிருக்கும் நீர். முகத்துக்கு முன்னால் 20, 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு சோதனைத் துளை எப்போதும் இருக்க வேண்டும். அதில் நீர் பீறிட்டால், குடைவதை நிறுத்திச் சிமெண்டுக் கூழை அழுத்தி அடைத்த பிறகே அடுத்த சுற்று. அவசரத்தில் இந்தத் துளையைத் தவிர்த்த சுரங்கங்களில் எந்திரமே மண்ணுக்குள் புதைந்திருக்கிறது.

ஆனால் நெடுஞ்சுரங்கத்தில்கூட மிக ஆபத்தான இடம் ஆழத்தில் இல்லை, வாயில் இருக்கிறது. நுழைவாயில் என்பது மேலே சொன்ன அழுகிய செம்மண்ணும் உருண்டைகளும் உள்ள பகுதி. அங்கே 3 மீட்டர் சுற்றை மறந்துவிட்டு ஒரு மீட்டர், அதுவும் பாதி முகம் பாதி முகமாகத்தான் போக வேண்டும். குடைவதற்கு முன்பே கூரைக்கு மேல் 12 முதல் 15 மீட்டர் நீள எஃகுக் குழாய்களைக் குடைக்கம்பிகள்போல வரிசையாகச் செருகிக் கூழ் நிரப்புவார்கள். அந்தக் குடையின் கீழே 9 மீட்டர், 10 மீட்டர் போனதும் அடுத்த குடை, முந்தையதோடு 3 மீட்டராவது மேலேறியிருக்க வேண்டும். கூரையில் பொருத்திய புள்ளிகளைத் தினமும் அளப்பது கட்டாயம். நகர்வு குறைந்துகொண்டே வந்தால் நிம்மதி. நாளுக்கு நாள் அதே அளவில் நகர்ந்துகொண்டிருந்தால், எவ்வளவு சிறிய எண்ணாக இருந்தாலும், வேலையை நிறுத்தித் தாங்கலைக் கூட்ட வேண்டும்.

நம் நாட்டில் ஏற்கெனவே ரயில் ஓடிக்கொண்டிருக்கும் எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. பட்டர்வொர்த்திலிருந்து இ.டி.எஸ். ரயிலில் கோலாலம்பூர் போகிறவர்கள் தைப்பிங் தாண்டியதும் 3.3 கிலோமீட்டர் இருட்டுக்குள் போவார்கள், அதுதான் பெராப்பிட் சுரங்கம். பழைய ஒற்றைத் தடம் அந்தக் கணவாயில் மலையை ஒட்டி நெளிந்து, குட்டிச் சுரங்கங்கள் வழியே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. ஈப்போ - பாடாங் பெசார் இரட்டைத் தடம் போட்டபோது அந்த நெளிவையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் குடைந்தார்கள். இந்தக் கேள்விக்கு அந்தச் சில நிமிட இருட்டே பாதிப் பதில்.

பாதை முடிந்த பிறகும் இரண்டு விஷயங்களில் கண் இருக்க வேண்டும். சுரங்கத்தின் தரை எந்த இடத்திலும் தட்டையாக இருக்கக் கூடாது, 300க்கு ஒன்றாவது வாயை நோக்கிச் சரிய வேண்டும், இல்லையென்றால் ஊறும் நீர் தேங்கும். வெளியே, சரளைக் கல்லுக்குக் கீழே உள்ள மண் நீரில் ஊறினால் ஒவ்வொரு சக்கரமும் அழுத்தும்போது சேறு மேலே பிதுங்கி வரும். சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய சரளை காவி நிறமாகி, சிலிப்பர் கட்டைகள் ரயில் போகும்போது மேலும் கீழுமாகத் துள்ளும். சரளையைக் கூட்டிப்போட்டுத் தற்காலிகமாகச் சமாளிப்பார்கள், ஆறு மாதத்தில் மறுபடியும் அதே சேறு. அடியிலுள்ள வடிகாலைத் தோண்டிச் சரிசெய்தால்தான் தீரும். மழைமானிகளை மலைச்சரிவில் வைத்து, ஒரு மணி நேரத்திலும் கடந்த மூன்று நாளிலும் பெய்த மழை இரண்டையும் சேர்த்துப் பார்த்து, வரம்பைத் தாண்டினால் ரயிலின் வேகத்தைக் குறைக்க வேண்டும், அதற்கும் மேலே போனால் நிறுத்த வேண்டும். மேற்குக் கரையில் மழை கூடுவது ஏப்ரல் - மேயிலும் அக்டோபர் - நவம்பரிலும். ஆகவே மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஆட்கள் மண்வெட்டியோடு ஒவ்வொரு படியிலும் ஏறி, வடிகாலைக் கூட்டி, விரிசலைப் பூசி, செருகிய குழாய்களில் எது சொட்டுகிறது, எது வறண்டுபோயிருக்கிறது என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். பக்கத்துக் குழாய்கள் சொட்டும்போது ஒன்று மட்டும் வறண்டிருந்தால் அங்கே நீர் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலும் அது அடைத்துக்கொண்டிருக்கும், நீர் உள்ளே நின்றுகொண்டிருக்கும்.